கட்டைவிரலுக்கு ஒரு பொட்டு

எங்கள் நிறுவனத்தின் அடையாள அட்டைகளைப் பற்றி வாயில் காவல் பிரிவு ஒருமுறை எழுத்துமூலமாகப் புகார் செய்தது. அட்டையில் இருக்கும் முகமும் அட்டையை நீட்டும் முகமும் ஒத்துப்போவதில்லை என்பது புகார். அட்டையில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். காலையில் வேலைக்கு வரும்போது ஒருவரும் அப்படி இருப்பதில்லை. புகாரில் நியாயம் இருந்தது. அந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதற்காகவே நிர்வாகப் பிரிவில் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். 'அட்டையில் உள்ளபடி தோற்றமளிக்க ஊழியர்கள் அறிவுறுத்தப்படுவார்கள்' என்று எழுதிக் கோப்பை மூடினேன்.

அந்த முகங்களை எடுத்தவர் எங்கள் போட்டோகிராபர். பம்பாய்ச் செம்பூரில் இருந்த அந்த அரசு நிறுவனத்தில் அவருக்கென்று ஒரு சின்ன அறை, ஒரு முக்காலி, ஒரு வெள்ளைத் துணி. பிறந்து வளர்ந்தது தாராவி. அவருடைய அப்பா திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊரிலிருந்து வந்த கிறிஸ்தவர். இவர் அந்த ஊரில் மொத்தமாக ஒரு கோடை விடுமுறைகூட இருந்திருக்க மாட்டார். ஆனால் வாயைத் திறந்தால் நேற்றுத்தான் ரயிலை விட்டு இறங்கியவர் மாதிரி இருக்கும். நடுவில் பம்பாய் இந்தி வந்து விழும்போதுதான் சந்தேகம் தீரும்.

என் அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது முக்காலியில் உட்காரவைத்தார். கேமரா அவர் மார்பில் தொங்கியது. வலது கை அதன்மேல் சும்மா கிடந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"சார்வாள், ஒரு விஷயம் கேள்விப்பட்டீயளா?"

"என்ன?"

"ஆடிட் பார்ட்டி இந்த வருசம் வரலையாம்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் கேமரா மேலே போய்க் கீழே வந்துவிட்டது.

"நிஜமாகவா? யார் சொன்னது?"

"யாருக்குத் தெரியும் சார்? படம் விழுந்துட்டு. சலோ, அடுத்த ஆளு!"

அந்த முகத்தை எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை என்று என் மனைவி சொன்னாள். ஓய்வு பெறும் நாளில் அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. ஒப்படைத்தேன். அதற்குமுன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை.

எல்லோருக்கும் அவரிடம் ஒரு பொய் இருந்தது. கேன்டீன் மேலாளருக்கு, "உப்புமா நல்லா இருந்துச்சாம், டைரக்டர் சொன்னாராம்." யூனியன் தலைவருக்கு, "எதிர்க் கோஷ்டி உடைஞ்சிட்டாமே!" பொய் காதில் விழுந்து முகத்துக்கு வரும் அந்த இடைவெளியில் அவருடைய கை வேலையை முடித்துவிடும். மற்ற போட்டோகிராபர்கள் கேமராவைத் தூக்கி, திரையைப் பார்த்து, எதையோ திருகி, "ஒரு நிமிஷம், சிரிச்சபடியே இருங்க" என்பார்கள். அதற்குள் சிரிப்பு ஆறிப் போயிருக்கும். இவருக்கு அந்த வேலையே கிடையாது.

"கேமராவ நான் பாத்தேன்னு வைங்க, மூஞ்சி என்னய விட்டுட்டுப் போயிரும் சார். கண்ணு ரெண்டும் ஆளு மேலதான் இருக்கணும். மத்ததெல்லாம் கை பாத்துக்கிடும்."

இதைக் கேட்டு இவரை ஒரு மகானாக நினைத்துவிட வேண்டாம். பெருமை பேசுவார். கேன்டீனில் மீன் துண்டின் அளவுக்காகச் சண்டை போடுவார். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டால், "நெறைய" என்பார். அவருடைய கேமராவை எவராவது தொட்டால் தீர்ந்தது. டைரக்டரின் உதவியாளர் ஒருமுறை கனம் பார்க்கத் தூக்கிவிட்டார் என்பதற்காக அந்த ஆளோடு பேச்சை நிறுத்தினார். அந்த உதவியாளர் ஊரெல்லாம் விசாரித்தும் தான் செய்த குற்றம் என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவரும் அல்ல. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது பழைய கேமராவை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் டீ குடிக்கப் போனார். "இருட்டு ரூம்புல மருந்து நாத்தம் போச்சு, அச்சா, அது போதும்." புதுக் கேமராவுக்குத் தன் கையைப் பழக்குவதுதான் அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. நான் மாட்டுங்காவில் ரயில் ஏறுவேன், அவர் அடுத்த ஸ்டேஷனான சயானில் ஏறுவார். குர்லாவில் இறங்கிச் செம்பூருக்கு வண்டி மாறும்வரை, மடியில் இருக்கும் பைக்குள் அவருடைய வலது கை அசைந்துகொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் முகம் மட்டும் சாதாரணமாக அரசியல் பேசும்.

"என்ன, உள்ளே ஜெபமாலை உருட்டுகிறீர்களா?" என்று கேட்டேன்.

"அது கத்தோலிக்கர் சமாச்சாரம் சார். நாங்க வேற பார்ட்டி. விரலுக்கு வழி சொல்லிக் குடுக்கேன்."

எங்களைப் போன்றவர்கள் முதல் மாதச் சம்பளத்தோடு வேலை கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டதால் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இனி பொட்டு விவகாரம்.

தசராவுக்கு முதல் நாள் எங்கள் நிறுவனத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் பூஜை நடக்கும். செண்டுப்பூ மாலை, சந்தனப் பொட்டு, குங்குமம், ஆளுக்கொரு பொட்டலம் இனிப்பு. மராட்டிக்காரர்கள் ஒரு பெயர் சொல்வார்கள், நாங்கள் ஆயுத பூஜை என்போம். பெயரில் சண்டை வரக் கூடாது என்பதற்காக அலுவலகச் சுற்றறிக்கையில் 'இயந்திர விழா' என்றே குறிப்பிடுவோம். விழாக் குழுவின் செயலாளர் நான்.

அந்த வருஷம் பூஜை முடிந்த கையோடு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய தடவை வந்தபோது, ஓடுகிற கடைசல் இயந்திரங்களின் அதிர்வில் சந்தனம் உதிர்ந்து தரையெல்லாம் பொடியாகக் கிடந்ததை அவர் சுத்தக் குறைவு என்று குறிப்பில் எழுதிவிட்டுப் போனார். பொட்டு வைத்தும் ஆக வேண்டும், உதிரவும் கூடாது. தச்சுப் பிரிவின் மராட்டி ஃபோர்மன் இதற்கு ஒரு வழி கண்டார். மரத்தை ஒட்டுகிற வெள்ளைப் பசையில் சந்தனப் பொடியைக் குழைத்துக் கொடுத்தார். "இனி விழாது சாஹேப்" என்றார். விழவில்லை. அந்த இயந்திரங்கள் எங்காவது உயிரோடு இருந்தால் அவற்றின் நெற்றியில் பொட்டும் இருக்கும்.

சொத்து எண் உள்ள எல்லாப் பொருளுக்கும் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். கம்ப்யூட்டர், தண்ணீர் குளிர்விக்கும் பெட்டி, தீயணைக்கும் வாளி. கேமராவுக்கும் சொத்து எண் இருந்தது. கிண்ணத்தோடு அவருடைய அறைக்குள் போனேன்.

"சார், நான் வேதக்காரன்" என்றார்.

"நீங்கள் வேதக்காரர். கேமரா கம்பெனி சொத்து. கம்பெனிக்கு மதம் கிடையாது."

"மதம் கிடையாதுன்னா பொட்டு எதுக்கு சார்?"

"நல்ல கேள்வி. எழுத்தில் கொடுங்கள்."

பேசிக்கொண்டே என் விரல் வேலையை முடித்துவிட்டது. கேமரா மேஜைமேல் குப்புறக் கிடந்ததைக் கவனிக்காமல் பின்பக்கத்தில் வைத்துவிட்டேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"நெத்தியில வைக்காம முதுகுல வச்சிட்டீயளே சார்வாள்!"

அன்று மாலையே நகத்தால் சுரண்டிப் பார்த்தாராம். தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தாராம். தச்சுப் பிரிவின் சந்தனம் அசையவில்லை. புகார் கொடுப்பார் என்று எதிர்பார்த்து, பதிலையும் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். சில வாரம் கழித்து என் மேஜைக்கு வந்தார்.

"அந்தப் பொட்டு சார்..."

"அகற்ற வேண்டுமா? அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில்..."

"தொட்டீயன்னா தெரியும்!"

பிறகு விளக்கினார். கேமராவின் முதுகில், வலது கட்டைவிரல் போய் உட்காரும் இடத்தில், சின்னச் சின்னப் பொத்தான்கள் நெருக்கமாக இருக்கும். அதில் ஒன்று எதிரே இருக்கும் முகத்தைக் கூர்மையாகப் பிடித்து நிறுத்தி வைக்கும். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் வேறு எதுவோ நடக்கும், படம் போய்விடும். நான் குருட்டாம்போக்கில் வைத்த பொட்டு சரியாக அந்தப் பொத்தானின் ஓரத்தில் ஒரு மேடாக நின்றது.

"கரண்ட் போன வீட்டுல செவத்தத் தடவிட்டுப் போற மாதிரி இருந்துச்சு சார். இப்ப வாசப்படி தட்டுப்படுது. அங்கன வந்ததும் விரலு தன்னால திரும்பிக்கிடுது."

அடுத்த தசராவுக்கு நான் கிண்ணத்தோடு போனபோது கேமராவின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். "ஏற்கெனவே வச்சாச்சு சார். ஞானஸ்நானம் ஒரு தடவ எடுத்தா போதும்."

நிறுவனம் என்று இருந்தால் நன்றாக ஓடுகிற ஒன்றை மாற்றாமல் இருக்காது. புதுக் கேமரா வாங்க உத்தரவு வந்தது. விலைப்புள்ளிகள் கேட்டோம், இருப்பதில் குறைந்ததை எடுத்தோம். வந்தது வேறு கம்பெனிக் கேமரா. பழையதைவிட எல்லா வகையிலும் மேலானது என்று காகிதம் சொன்னது. ஆனால் பொத்தான்கள் வேறு இடத்தில் இருந்தன, லென்ஸின் வளையம் எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. அவர் 'கைக்கு ஒத்துவரவில்லை' என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்தார். கை என்பது தொழில்நுட்பக் காரணம் ஆகாது என்பதால் நான் அதை, 'பயன்பாட்டுப் பரிச்சயம் சார்ந்த இடர்ப்பாடு' என்று திருத்தி மேலே அனுப்பினேன். 'பயிற்சி அளிக்கலாம்' என்று குறிப்போடு திரும்பி வந்தது. வாழ்நாள் முழுக்க அதே வேலை செய்தவரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினோம். சாப்பாடு நன்றாக இருந்ததாகச் சொன்னார்.

பிறகு புதிய பரிசோதனைக் கூடத்தின் திறப்பு விழா வந்தது. டைரக்டர் கத்தரிக்கோலை எடுத்தார். எங்கள் ஆள் எதிரே நின்று வழக்கம்போல், "சார், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். கை வளையத்தைத் திருப்பியது. நெருங்கி வர வேண்டிய டைரக்டர் தூரமாகப் போனார். இவர் குனிந்து கேமராவைப் பார்த்தார். அவர் வேலை நேரத்தில் குனிந்து நான் பார்த்தது அன்றுதான். நிமிர்ந்தபோது ரிப்பன் தரையில் கிடந்தது.

வெட்டிய ரிப்பனைத் திரும்பக் கட்டுவதற்கு எங்கள் கையேட்டில் முறை எதுவும் இல்லை. ஊசிப்பின் போட்டுக் கட்டினோம். இரண்டாம் தடவை வெட்டும்போது டைரக்டரின் முகம் மின்கட்டண ரசீதைப் பார்ப்பது மாதிரி இருந்தது. அந்தப் படம்தான் ஆண்டறிக்கையில் வந்தது. மறுநாள் விதிகளைப் புரட்டி, அவசரத் தேவைக்கான மாற்று உபகரணம் என்ற பெயரில் பொட்டு வைத்த பழைய கேமராவைத் திரும்ப அவர் கையில் சேர்த்தேன். புதியது பீரோவில் பத்திரமாக இருந்தது. எங்கள் நிறுவனத்தில் நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் ஓய்வு பெறும் சமயத்தில் பழைய கேமராவின் ஆயுள் தாளின்படி முடிந்து, கழிவுப் பொருளாக ஏலத்துக்கு வந்தது. ஏல அறிவிப்பைப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. எந்தப் பலகை என்று விதி சொல்லவில்லை. கேன்டீனுக்குப் பின்னால், கைகழுவும் இடத்துக்கு அப்பால் ஒரு பலகை உண்டு. ஏலம் கேட்க அவர் ஒருவர்தான் வந்தார்.

அவருடைய மேஜை இழுப்பறையில் அவருடைய மகளின் படங்கள் இருந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். பள்ளிக்கூடச் சீருடையில், கிறிஸ்துமஸ் பாவாடையில், பட்டமளிப்பு அங்கியில். எல்லாவற்றிலும் அந்தப் பெண் சாட்சிக் கூண்டில் நிற்கிறவளைப் போல விறைத்துக்கொண்டு பார்த்தாள். செம்பூர் முழுவதையும் சிரிக்கவைத்தவர் வீட்டில் இப்படி.

"அவகிட்ட நம்ம பொய் ஒண்ணும் செல்லாது சார்" என்றார். "சின்னப் பிள்ளையிலயே எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம். நான் வாயத் தொறந்ததும், 'அப்பா, ஆடிட் பார்ட்டி வரலையா?'ங்கா. மூஞ்சியப் பூட்டிக்கிடுதா. ஊருல உள்ள பொம்பளப் பிள்ளைய எல்லாரையும் எடுத்துட்டேன். எம் பிள்ளைய இன்னும் எடுக்கல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. மணப்பெண்ணின் அப்பா கேமராவோடு அலையக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒத்துக்கொண்டு, வேறு ஆட்களை ஏற்பாடு செய்தார். ஒரே ஒரு படம் மட்டும் தனக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டார். சர்ச்சை அவர்கள் கோவில் என்றே சொல்வார்கள். கோவிலில் மணப்பெண்ணின் முகத்தை மூடியிருக்கும் வலையைப் பின்னால் விலக்குவார்களே, அந்த நேரம். "அந்நேரம் அவளுக்குப் பூட்டுறதுக்கு நெனப்பு இருக்காது சார். மூஞ்சி தொறந்து கெடக்கும். எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

கல்யாணத்தன்று காலையில் போன் வந்தது.

"சார்வாள், கொஞ்சம் முன்னாலயே வாங்க. மாமியையும் கூட்டிட்டு வாங்க. பொட்ட அழிச்சிட்டா!"

அழித்தவர் அவருடைய மனைவி. தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர், எதையும் ஒழுங்காகச் செய்பவர். மாப்பிள்ளையின் பெரியப்பா ஊரில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், சபைப் பெரியவர். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது இவர்கள் வீட்டில் மாட்டியிருந்த மளிகைக்கடைக் காலண்டரில் பிள்ளையார் இருப்பதைப் பார்த்துவிட்டு, காபியை முழுதாகக் குடிக்காமல் வைத்தவர். அவர் முன்னால், கோவிலுக்குள், பெண்ணின் அப்பா சந்தனப் பொட்டு வைத்த கேமராவைத் தூக்கினால் என்ன ஆகும்? யோசித்த அந்த அம்மாள் முந்தின நாள் நகப்பூச்சு அழிக்கும் மருந்தையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தச்சுப் பிரிவு தோற்றது அவரிடம்தான்.

கோவிலின் பக்கத்து அறையில், பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் இடத்தில், அவரைப் பார்த்தோம். கோட்டு, டை. கையில் கேமரா. மேஜைமேல் ஒரு மெழுகுவர்த்தி, ஒட்டும் டேப், ஒரு பிடி அரிசி, பசை டியூப். மெழுகைச் சொட்டவிட்டாராம், வியர்வையில் வழுக்கிக்கொண்டு போனது. டேப்பின் விளிம்பு விரலில் தட்டுப்படவில்லை. அரிசி உறுத்தியது. சந்தனத்தையே திரும்ப வைக்கலாம் என்றால், இன்னும் கொஞ்ச நேரத்தில் காயாது, பெரியப்பாவும் வாசலில் நிற்கிறார்.

"பார்த்துத்தான் அமுக்குங்களேன். ஒரே ஒரு படம்தானே?" என்றேன்.

"பாத்து அமுக்கலாம் சார். அப்ப அவள யாரு பாக்கது?"

மூலையில் நின்ற அவருடைய மனைவி பட்டுப்புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டுக் கோபப்பட்டார். "ஒரு பொட்டுக்கு இம்புட்டுப் பாடா? ஊர்ல உள்ளவன் எல்லாம் பொட்டு வச்சா படம் எடுக்கான்? நல்லாக் கேளுங்க சார். நான் இவுக மானத்துக்காகத்தான் செஞ்சேன்."

அவர் கட்டைவிரலால் பொத்தான்களைத் தடவிக்கொண்டே நின்றார்.  

என் மனைவி கைப்பையைத் திறந்தாள். அவள் அதற்குள் ஒரு குடித்தனமே வைத்திருப்பாள். தேடி, ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை எடுத்தாள். சிவப்பு, மெரூன், கடைசி வரிசையில் கறுப்பு.

"இந்தாங்கோ. கேமராவும் கறுப்பு, இதுவும் கறுப்பு. யார் கண்ணுக்குத் தெரியப்போறது?"

ஒன்றை ஒட்டினாள். அவர் கண்ணை மூடிக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "உயரம் பத்தல மாமி." அதன்மேல் இன்னொன்று. "இன்னும் ஒண்ணு." அடுக்கினாள். "இப்ப உயரம் சரி. இடம் தப்பு. கொஞ்சம் தெக்க தள்ளுங்க."

"இந்த ரூமுக்குள்ள தெற்கு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெக்கன்னா தெக்கதான் மாமி..."

என் மனைவி உரித்து ஒட்ட, அவர் தலையாட்ட, மறுபடி உரிக்க, வெளியே பாட்டுப்புத்தகம் புரட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்போது அவருடைய மனைவி மூலையிலிருந்து வந்தார்.

"நகருங்க மாமி. அம்புட்டு நேரம் தேச்சவளுக்கு எடம் தெரியாதா?"

அட்டையைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றாக உரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுண்டுவிரலால் அழுத்தினார். கணவர் கண்ணை மூடினார். கட்டைவிரல் போய் உட்கார்ந்தது, லேசாகத் திரும்பியது. கண்ணைத் திறக்காமலே, "ஏ பிள்ள" என்றார். 

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா உள்ளே வந்தார். "இங்கன என்ன செய்யுதிய எல்லாரும்? பாட்டு ஆரம்பிக்கப் போறாவ!" அப்போதுதான் கேமராவைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் கையில் இருந்த அட்டையையும் என் மனைவியின் நெற்றியையும் பார்த்தார். "என்னது அது?"

"மார்க்கு அண்ணாச்சி" என்றார் அந்த அம்மாள், பள்ளிக்கூடக் குரலில். "விரலுக்கு."

பெரியப்பா எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பல வருஷம் தலைமை ஆசிரியராக இருந்தவர், எதைப் பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கும். "சரி, சட்டுன்னு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஆள் மகளின் கையைப் பிடித்து நடத்தி வந்து, ஒப்படைத்து, பின்னால் நகர்ந்தார். அவருடைய மனைவி முந்தானைக்குள்ளிருந்து கேமராவை எடுத்துக் கொடுத்தார். கூலிக்கு வந்த போட்டோகிராபர்கள் விளக்கும் குடையுமாக முன்னால் நின்று அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலையை விலக்கினார்கள்.

அந்தப் பெண் நேரே அப்பாவைத்தான் பார்த்தாள். அவருடைய மார்பில் கேமரா தொங்குவதையும் பார்த்தாள். உடனே முகத்தைப் பூட்டத் தயாரானதை நான் கவனித்தேன். என்ன பொய் வரப்போகிறது என்று காத்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வராத பொய்க்காக அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, அவரிடம் சொல்வதற்கு இன்று ஒன்றுமே இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. வாய் கோணியது. அழுகையா சிரிப்பா என்று அவளே முடிவு செய்வதற்கு முன் அவருடைய கை மேலே போய்க் கீழே வந்துவிட்டது.

அந்தப் படம் இப்போது பம்பாய்க்கு வெளியே டோம்பிவிலியில், அவரும் மனைவியும் வாங்கிய ஃபிளாட்டின் கூடத்தில் மாட்டியிருக்கிறது. டோம்பிவிலிக்குக் குடிபோனவர்களை நாங்கள் மாட்டுங்காக்காரர்கள் வெளிநாடு போனவர்கள் கணக்கில் வைப்பதுதான் வழக்கம். அதனால் அடிக்கடி பார்ப்பதில்லை. ஆனால் கல்யாணம் நடந்த வருஷம் ஆயுத பூஜையன்று மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. அவர்தான். ஒரு பையில் கேமரா, இன்னொரு பையில் மரம் ஒட்டும் பசை ஒரு டப்பா, சந்தனப் பொடி ஒரு பொட்டலம்.

"ஸ்டிக்கரு வேர்வையில உரிஞ்சிட்டு சார். சந்தனம் வீட்டுக்காரியே வாங்கித் தந்தா. ஆனா பொட்டுன்னு சொல்லக் கூடாதாம். மார்க்காம்."

"நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?"

"மொதல்ல வச்ச கை உங்க கைதானே சார்."

குழைத்தேன். எங்கே வைப்பது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. டோம்பிவிலிக்கு வீடியோவில் கூப்பிட்டோம். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குள்ளிருந்து, "இன்னும் கொஞ்சம் தெக்க சார்" என்றார். என் மனைவி அடுப்படியிலிருந்து, "தெற்கு எதுன்னு கேளுங்கோ முதல்ல" என்றாள். ஒருவழியாக வைத்தேன்.

"காயும்வரை தொடக் கூடாது" என்று சொல்லிக் கேமராவை அவர் மடியில் வைத்தேன்.

ஒப்புக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார். என் மனைவி சுண்டல் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தாள். அவர் நிமிர்ந்தார்.

"மாமி, ஒரு விஷயம் கேள்விப்பட்டீயளா?"

"என்ன?"

"சார்வாள் இனிமே சமையலும் செய்வாராம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை, படம் இருக்கிறது. கேமரா மேலே போய்க் கீழே வந்த பிறகுதான் மூன்று பேருக்கும் நினைவு வந்தது. அவர் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். நுனியெல்லாம் சந்தனம். பொட்டின் நடுவில் விரல் பதிந்து, ரேகையோடு ஒரு குழி.

"வழித்துவிட்டு மறுபடி வைக்கட்டுமா?" என்றேன்.

அவர் கண்ணை மூடி, அந்தக் குழியின் மேலாக விரலைக் கொண்டுபோனார், ஈரத்தில் படாமல்.

"வேண்டாம் சார்" என்றார். "காயட்டும்."

காய்ந்தது. டோம்பிவிலிக்குப் போனால் நீங்களும் பார்க்கலாம். தொட மட்டும் விட மாட்டார்.